ஒன்றன்மேல் ஒன்றாய் வரும் இடர்கள்: கணக்கெடுப்பும் திருச்சபையின் சாட்சியும்

இயற்கையின் சீற்றத்தால் மக்கள் மாளும்போதெல்லாம் திருச்சபையில் ஒரு வினா தவறாமல் எழுகின்றது: இது ஏன் நேர்ந்தது? இவ்வினா எழுவது இயல்பே. ஆனால் விடை தேடுவோர் பெரும்பாலும் ஒரே காரணத்தையே நாடுகின்றனர். அருளுரை மேடையில் நிற்பவர், கடவுளின் சினம் என்னும் ஒரு சொல்லில் யாவற்றையும் அடக்கிவிட முயல்கின்றார். அலுவலகத்தில் அமர்ந்து பேரிடர்ப் பட்டியலை நிரப்புபவரோ வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்னும் தலைப்புகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, இறந்தோர் எண்ணை அதன்கீழ் எழுதிவிடுகின்றார். இவ்விருவர் செயலிலும் பொதுவான குறை ஒன்று உண்டு. உலகில் நேரிடும் பெருந்துன்பங்களுள் பல, ஓர் இடரின்மேல் மற்றோர் இடர் ஏறி வருவதால் விளைபவை. அவற்றை ஒரே காரணத்துக்குள் அடைக்கும்போது உண்மையின் ஒரு பகுதி விடுபட்டுப் போகின்றது; அதனோடு இறந்தோருள் ஒரு சாராரும் விடுபட்டுப் போகின்றனர்.

இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்து வரும் இடர்களைப் பற்றிய விவரங்களை உலக அளவில் தொகுக்கும் முயற்சியில் அறிவியலாளர் அண்மைக் காலத்தில் ஈடுபட்டுள்ளனர். இம்முயற்சி எத்தகையது, அதில் உள்ள சிக்கல்கள் யாவை, அது போதகர்களுக்கும் இறையியல் மாணவர்க்கும் எவ்வகையில் பொருளுடையது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இடரும் பேரிடரும்

முதற்கண் இரு சொற்களை வேறுபடுத்திக்கொள்வோம். நிலநடுக்கம், புயல், வறட்சி போன்ற நிகழ்ச்சியை இடர் என்கிறோம். அவ்விடர் மக்கள் வாழும் இடத்தில், அவர்கள் தாங்க இயலாத அளவில் தாக்கும்போது பேரிடர் ஆகின்றது. ஆளில்லாப் பாலைவனத்தில் நிலம் நடுங்கினால் அது இடர் மட்டுமே. அதே நடுக்கம், உறுதியற்ற சுவர்களுக்கிடையே வறியோர் நெருங்கி வாழும் நகரில் நேர்ந்தால் பேரிடர். ஆகவே எந்தப் பேரிடரும் முற்றிலும் இயற்கையானதன்று. மனிதர் கட்டிய வீடும், பங்கிட்ட நிலமும், நடத்திய ஆட்சியும் அதில் கலந்தே உள்ளன.

இடர்கள் ஒன்றோடொன்று மூன்று வகையில் உறவு கொள்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு இடர்கள் தற்செயலாக வந்து சேரலாம். ஓர் இடர் மற்றோர் இடரைப் பிறப்பிக்கலாம். நிலநடுக்கம் சுனாமியைப் பிறப்பிப்பது இதற்கு எடுத்துக்காட்டு. அல்லது, முதல் இடரால் நலிந்த மக்கள் மீண்டெழுமுன் அடுத்தது வந்து தாக்க, இழப்புகள் படிப்படியாகக் குவியலாம். ஐக்கிய நாடுகளின் பொதுப் பேரவை 2017-இல் ஏற்றுக்கொண்ட சொல் விளக்கங்களிலும் இம்மூன்று நிலைகளும் குறிக்கப்பட்டுள்ளன. இவை யாவற்றையும் சேர்த்து அடுக்கு இடர்கள் என இக்கட்டுரையில் வழங்குவோம்.

2015 மார்ச்சுத் திங்களில் ஜப்பானின் செண்டாய் நகரில் நாடுகள் கூடி, 2030 வரைக்கும் உரிய பேரிடர்க் குறைப்புத் திட்டமொன்றை ஏற்றன. பல இடர்களையும் ஒருங்கே நோக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. அதன் தொடர்ச்சியாக 2020-இல் வெளியான ஆய்வறிக்கையொன்று 302 வகை இடர்களைப் பட்டியலிட்டது. அவற்றை இரண்டிரண்டாக இணைத்துப் பார்த்தாலே 45,000-க்கும் மேற்பட்ட இணைகள் கிடைக்கும். அவை யாவும் நடைமுறையில் நேர்வன அல்ல என்றாலும், பணியின் பரப்பு எத்துணைப் பெரிது என்பதை இவ்வெண் உணர்த்தும்.

2. லிஸ்பன்: குருமாரிடம் கேட்கப்பட்ட வினாக்கள்

அடுக்கு இடரின் விவரங்களை முறையாகத் திரட்டும் முயற்சி நம் காலத்தில் தோன்றியதன்று. அதன் தொடக்கங்களுள் ஒன்று திருச்சபையோடு நெருங்கிய தொடர்புடையது.

1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். போர்ச்சுகல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் காலை வழிபாட்டுக்கென மக்கள் ஆலயங்களில் நிறைந்திருந்தனர். அவ்வேளையில் நிலம் கடுமையாக நடுங்கிற்று. ஆலயக் கூரைகள் சரிந்தன. உயிர் தப்பியோர், இடிந்து விழும் கட்டடங்களுக்கு அஞ்சித் தேகஸ் ஆற்றங்கரையின் திறந்த வெளியை நோக்கி ஓடினர். ஏறத்தாழ 40 நிமிடங்களுக்குப் பின் கடல் பொங்கி ஆற்றின் வழியே ஏறி, கரையில் நின்றோரை வாரிச் சென்றது. அதற்கிடையில் பீடங்களில் எரிந்த மெழுகுவர்த்திகளும் வீட்டு அடுப்புகளும் கவிழ்ந்து பற்றிய தீ, நகரைப் பல நாள் எரித்தது. நிலமும் நீரும் நெருப்பும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. முதல் இடருக்குத் தப்ப எந்த இடத்தை மக்கள் நாடினரோ, அந்த இடமே இரண்டாம் இடரின் வாயாக அமைந்தது. மாண்டோர் பல்லாயிரவர்.

ஒரே காரணம் கூறும் குரல்கள் உடனே எழுந்தன. இயேசு சபைக் குருவாகிய கபிரியேல் மலக்ரிதா 1756-இல் வெளியிட்ட சிறு நூலில், நகரின் பாவமே இதற்குக் காரணம் என்றும், இடிபாடுகளைச் சீர்செய்வதைக் காட்டிலும் மனந்திரும்புதலே வேண்டுவது என்றும் வற்புறுத்தினார். இத்தகைய எண்ணம் உரோமைத் திருச்சபையில் மட்டும் இருந்ததாகக் கருதலாகாது. ஜான் வெஸ்லியும் 1755-இல் எழுதிய துண்டு நூலில் இந்நிகழ்ச்சியைக் கடவுளின் நியாயத்தீர்ப்பாகவே விளக்கினார்.

அதே காலத்தில் வேறொரு செயலும் நடந்தது. பின்னாளில் பொம்பால் பிரபு எனப் பெயர்பெற்ற அமைச்சர், நாட்டின் பங்குகள்தோறும் ஒரு வினாப்பட்டியலை அனுப்பினார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? பின்னதிர்வுகள் எத்தனை? கடல் முதலில் உள்வாங்கிற்றா, பொங்கிற்றா? தீப்பற்றியதா? எத்தனைபேர் இறந்தனர்? இவ்வாறு அமைந்த வினாக்களுக்கு விடை எழுதியவர்கள் பங்குக் குருமார். அவர்கள் எழுதிய விடைகள் லிஸ்பனின் அரசு ஆவணக் காப்பகத்தில் பேணப்பட்டன. இன்றளவும் நிலநடுக்க ஆய்வாளர் அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

ஈண்டு ஒன்றை நோக்குவோம். பேரிடரின் பொருளை அறுதியிட்டுக் கூறியோரின் நூல்கள் இன்று வரலாற்றுச் செய்தியாக மட்டுமே எஞ்சியுள்ளன. தம் பங்கில் நடந்ததை நடந்தவாறே எழுதிய, பெயர் அறியப்படாத ஊர்க் குருமாரின் குறிப்புகளோ பின்வந்தோரின் உயிரைக் காக்கும் அறிவுக்கு அடிப்படையாயின.

3. இன்றைய பட்டியல்களும் அவற்றின் எல்லையும்

இக்காலத்தில் பேரிடர் விவரங்களுக்கு உலகெங்கும் மிகுதியாக எடுத்தாளப்படுவது எம்-டாட் என்னும் தொகுப்பு. பெல்ஜியம் நாட்டின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு மையம் ஒன்று இதனை 1988-இல் தொடங்கிற்று. 1900 முதல் நிகழ்ந்த பேரிடர்கள் இதில் இடம்பெறுகின்றன. பத்துப்பேராவது இறந்திருக்க வேண்டும். அல்லது நூறுபேராவது பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டோ அயல்நாட்டு உதவி கோரப்பட்டோ இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று பொருந்தினால் அந்நிகழ்ச்சி தொகுப்பில் சேர்க்கப்படும்.

இத்தகைய தொகுப்பில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முதன்மைத் தலைப்பு ஒன்றே. உடன்வந்த இடர்களைக் குறிக்கத் துணை இடம் உண்டு என்றாலும், இறந்தோர் எண் ஒன்றாகவே எழுதப்படுகின்றது. இதன் விளைவை நாம் அறிந்த நிகழ்ச்சியிலேயே காணலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தாலும் அதனால் எழுந்த சுனாமியாலும் 2,25,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களைக் கொன்றது கடல். எம்-டாட்டின் வகைப்பாட்டிலோ சுனாமி என்பது நிலநடுக்கம் என்னும் வகையின் ஓர் உட்பிரிவே. உட்பிரிவை நோக்காது வகைகளை மட்டும் கூட்டிப் பார்ப்பவர், நாகைக் கடற்கரையின் இறந்தோரையும் நிலநடுக்கத்தால் இறந்தோராகவே எண்ணுவர். கட்டடங்களை உறுதியாக்கினால் போதும் என்னும் தவறான முடிவுக்கு இது இட்டுச் செல்லக்கூடும். சுனாமிக்குத் தேவையானது எச்சரிக்கையும், மேட்டு நிலத்துக்குச் செல்லும் வழியும் ஆகும்.

சில வேளைகளில் பிரித்துக் கூறவே இயலாது. 2018 செப்டம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், பாலு நகரத்தை நிலநடுக்கம் தாக்கிற்று. சில நிமிடங்களுக்குள் சுனாமி வந்தது. அதே வேளையில் பெத்தோபோ, பலாரோவா முதலிய குடியிருப்புகளில் நிலம் குழம்பாகி வீடுகளோடு நழுவிச் சென்றது. இறந்தோரும் காணாமற்போனோருமாக 4,300-க்கும் மேற்பட்டோர். இவர்களுள் இன்னார் இன்ன இடரால் மாண்டார் என எவர் பிரிக்க வல்லார்?

4. இரண்டும் சேரும்போது மூன்றாவது ஒன்று

இரண்டு இடர்கள் சேர்ந்தால் இழப்பு இரு மடங்காகும் என்பதோடு செய்தி முடிவதில்லை. தனித்தனியே நேர்ந்திருந்தால் தோன்றாத புதியதொரு தீங்கும் சேர்க்கையால் தோன்றுவதுண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் பினட்டூபோ எரிமலை இதற்குத் தக்க சான்று.

1991 ஜூன் 15 அன்று, இருபதாம் நூற்றாண்டின் பெரும் வெடிப்புகளுள் ஒன்றாக அம்மலை வெடித்தது. அறிவியலாளர் முன்னரே எச்சரித்தமையால் பல்லாயிரவர் வெளியேற்றப்பட்டுக் காப்பாற்றப்பட்டனர். ஆனால் அதே நாளில் யூன்யா என்னும் சூறாவளி மலையருகே கடந்து சென்றது. வறண்ட சாம்பலாக வீழ்ந்திருக்க வேண்டியது, மழைநீரை உறிஞ்சி ஈரச் சேறாகிக் கூரைகளின்மேல் படிந்தது. அப்பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து வீழ, ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். எரிமலை மட்டும் வெடித்திருந்தால் கூரைகளுள் பல நின்றிருக்கும். சூறாவளி மட்டும் வீசியிருந்தால் அவற்றின்மேல் அப்பாரம் ஏறியே இராது. இறந்தோர் மொத்தம் 800-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பலர் வெடிப்பின்போது இறந்தவர் அல்லர். மலைச்சரிவில் வாழ்ந்த ஆய்த்தா பழங்குடி மக்களின் குழந்தைகள், தங்கள் காடுகளை விட்டு அகதி முகாம்களில் நெருங்கித் தங்கியபோது தட்டம்மை முதலிய நோய்களால் மாண்டனர். அதன் பின்னரும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சாம்பல் சேறு பெருக்கெடுத்து ஓடிற்று. 1995-இல் பக்கோலோர் என்னும் ஊரின் பழம்பெரும் ஆலயம் பாதியளவு சேற்றில் புதைந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த இச்சேற்றை எரிமலையின் கணக்கில் எழுதுவதா, மழையின் கணக்கில் எழுதுவதா?

ஓர் இடருக்கு எதிரான பாதுகாப்பு மற்றோர் இடருக்கு வழிவகுப்பதும் உண்டு. காற்றுக்குத் தாங்கும் கனத்த கூரை நிலநடுக்கத்தில் உயிரை மாய்க்கும். நடுக்கத்துக்கு ஏற்ற மென்கூரையைப் புயல் பறித்துச் செல்லும். ஹெயிட்டி நாட்டில் 2021 ஆகஸ்டு 14 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பின்னதிர்வுக்கு அஞ்சி மக்கள் திறந்தவெளியில் தங்கினர். இரண்டே நாளில் கிரேஸ் என்னும் புயல் வந்து, கூரையின்றிக் கிடந்தோர்மேல் பெருமழையைக் கொட்டிற்று. லிஸ்பனின் ஆற்றங்கரை மீண்டும் நம் நினைவுக்கு வருகின்றது.

5. தொகுக்கும் முறையும் அதன் சிக்கல்களும்

இத்தகைய சேர்க்கைகளை உலகளவில் எவ்வாறு கண்டறிவது? அடிப்படை முறை எளிது. நிலநடுக்கம், எரிமலை, புயல், வெள்ளம், காட்டுத்தீ, வறட்சி, வெப்ப அலை என ஒவ்வோர் இடருக்கும் தனித்தனித் தொகுப்புகள் பல நிறுவனங்களில் உள்ளன. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம் எரிமலைகளின் விவரங்களைப் பேணுகின்றது. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனம் உலகப் புயல்களின் பாதைகளைத் தொகுக்கின்றது. இவ்வாறு கிடைக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நிலப்படத்தில் ஒரு பரப்பாக வரைந்து, அதன் தொடக்க நாளையும் முடிவு நாளையும் குறிக்கின்றனர். பின்னர் அப்பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கின்றனர். இரண்டு பரப்புகள் இடத்தால் ஒன்றையொன்று வெட்டி, காலத்தாலும் ஒன்றியிருந்தால், அவை அடுக்கு இடராகப் பதிவு செய்யப்படும். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று 2023-இல் வெளியிட்ட ஒரு முறை இவ்வகையினது. 2004 முதல் 2017 வரை நேர்ந்த 11 வகை இடர்களை அது ஒருங்கிணைத்தது.

எனினும் அடிப்படை எளிதாயினும் நடைமுறை எளிதன்று. முதலாவது சிக்கல் காலம் பற்றியது. நிலநடுக்கம் வினாடிகளில் முடிகின்றது. வறட்சிக்கோ தொடக்க நாள் என்று ஒன்றைச் சுட்டுவதே அரிது. இரண்டாவது, இடைவெளி பற்றியது. முதல் இடர் முடிந்து எத்தனை நாளுக்குள் அடுத்தது வந்தால் இரண்டையும் இணைத்துக் கருதுவது? ஆம்ஸ்டர்டாம் முறையில் இவ்விடைவெளியை ஆய்வாளரே தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இடைவெளியே இல்லையெனக் கொண்டால் பினட்டூபோவின் வெடிப்பும் சூறாவளியும் இணையும். 1995-இன் சேறு இணையாது. பல ஆண்டு எனக் கொண்டால், ஒரே ஊரில் நேர்ந்த தொடர்பற்றவையும் இணைந்துவிடும். மக்கள் மீண்டெழ எவ்வளவு காலம் ஆகும் என்பதே உண்மையான இடைவெளி. அது செல்வ நாட்டுக்கு ஒன்றாகவும் வறிய நாட்டுக்கு மற்றொன்றாகவும் இருக்கின்றது.

மூன்றாவது சிக்கலே மிகப் பெரிது. செயற்கைக்கோளும் கருவிகளும் இடரைக் காட்டுகின்றன. இறந்த மனிதரைக் காட்டுவதில்லை. காற்றின் வேகத்தை வானிலிருந்து அளக்கலாம். முகாமில் காய்ச்சலால் இறந்த குழந்தையை, அருகில் இருந்தவர் எழுதி வைத்தாலன்றி எவரும் அறியார்.

6. எண்ணப்படாதோர்

2017 செப்டம்பர் 6 அன்று இர்மா என்னும் சூறாவளி போர்ட்டோ ரிக்கோ தீவின் வடக்கே கடந்து, மின் இணைப்புகளைப் பெருமளவில் துண்டித்துச் சென்றது. அவை முழுவதும் சீராகுமுன், செப்டம்பர் 20 அன்று மரியா என்னும் கடுஞ்சூறாவளி தீவைக் குறுக்காகக் கடந்தது. தீவு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. அரசு அறிவித்த இறந்தோர் எண் 64. மருந்தைக் குளிரில் வைக்க இயலாமலும், சிறுநீரகச் சுத்திகரிப்புக் கருவி இயங்காமலும், மருத்துவமனைக்குச் செல்லும் வழியின்றியும் பின்வந்த மாதங்களில் மாண்டோர் அவ்வெண்ணில் பெரும்பாலும் சேரவில்லை. 2018 ஜூன் திங்களில் மக்கள் தாங்கள் இழந்தோரின் காலணிகளைக் கொண்டுவந்து, தலைநகர் சான் ஹுவானில் சட்டமன்றக் கட்டடத்தின் முன் நூற்றுக்கணக்கில் வைத்தனர். வழக்கமாக அம்மாதங்களில் இறக்கக்கூடியோர் எத்தனைபேர், உண்மையில் இறந்தோர் எத்தனைபேர் என ஒப்பிட்டுப் பார்த்த ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குப் பின், அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு தன் எண்ணை 2,975 எனத் திருத்திற்று. வறியோரும் முதியோருமே அவர்களுள் மிகுதி.

கண்டங்களுக்கிடையிலும் இவ்வேறுபாடு உண்டு. எம்-டாட் தொகுப்பை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஒரு கட்டுரை, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பதிவான வெப்ப அலைகள் இரண்டு மட்டுமே எனச் சுட்டிக்காட்டிற்று. ஐரோப்பாவிலோ 1980-க்குப் பின் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்டவை பதிவாகியிருந்தன. ஆப்பிரிக்காவில் வெப்பம் கொல்வதில்லை என்பது இதன் பொருளன்று. கொல்லப்பட்டோரை எண்ண ஆளில்லை என்பதே பொருள். அங்கு வறட்சியோடும் பஞ்சத்தோடும் வெப்பம் சேர்ந்து வரும்போது, எண்ணப்பெறாத அந்த வெப்பம் அடுக்கு இடர்ப் பட்டியலிலும் இடம்பெறாமற் போகின்றது.

7. திருமறையின் ஒளியில்

அடுக்கு இடரின் கொடுமையைத் திருமறை நன்கு அறிந்துள்ளது. யோபு நூலின் முதல் அதிகாரத்தில் நான்கு தூதர் வருகின்றனர். சபேயர் எருதுகளைக் கவர்ந்தனர். வானத்து நெருப்பு ஆடுகளை எரித்தது. கல்தேயர் ஒட்டகங்களைக் கொண்டுபோயினர். பெருங்காற்று வீட்டின் நான்கு மூலைகளையும் மோத, பிள்ளைகள் மாண்டனர். ஒருவன் பேசி முடிக்குமுன் அடுத்தவன் வந்தான் என்று ஆசிரியர் திரும்பத் திரும்பக் கூறுவது, இடைவெளியற்ற தாக்குதலின் தன்மையைப் புலப்படுத்துகின்றது. இயற்கையின் இடரும் மனிதரின் கொள்ளையும் அங்கு மாறிமாறி வருவதும் கருதத்தக்கது. யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாது அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். பின்னர் அவர்கள் வாய்திறந்தபோது, நான்கு துயரங்களுக்கும் பாவம் என்னும் ஒரே காரணத்தைக் கூறினர். நூலின் முடிவில் கடவுள் அவர்களைக் கண்டித்தார். அவர்கள் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்றார் (யோபு 42:7).

இயேசு கிறிஸ்துவின் முன் இதே வினா வந்தது (லூக்கா 13:1-5). பிலாத்து கலிலேயரைக் கொன்ற செய்தியை மக்கள் அவருக்கு அறிவித்தனர். அவர் அதனோடு சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்தோரையும் சேர்த்துப் பேசினார். ஆட்சியாளரின் வன்செயலும் கட்டடத்தின் வீழ்ச்சியும் அவர் வாயில் ஒன்றாக நிற்கின்றன. அங்கு இறந்தோர் பதினெட்டுப்பேர் என்னும் எண்ணை அவர் குறிப்பிட்டார். இறந்தோர் மற்றவர்களைவிடக் கொடிய பாவிகள் என்னும் முடிவை அவர் திட்டமாக மறுத்தார். மனந்திரும்புதலுக்கு அவர் அழைத்தது உண்மையே. ஆனால் அவ்வழைப்பு, உயிரோடு கேட்டுக்கொண்டிருந்தோருக்கு விடுக்கப்பட்டது. இறந்தோர்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டாக அது அமையவில்லை. மலக்ரிதாவும் வெஸ்லியும் இவ்வேறுபாட்டைப் போதிய அளவு காத்தனரா என்பது நம் சிந்தனைக்குரியது.

கணக்கெடுப்பதே தவறு அன்றோ, தாவீது மக்களை எண்ணியதால் தண்டிக்கப்படவில்லையா எனச் சிலர் வினவலாம் (2 சாமுவேல் 24). தாவீது எண்ணச் சொன்னது பட்டயம் ஏந்தத்தக்க வீரரை. அது ஆட்சியின் வலிமையை அளக்கும் எண்ணிக்கை. அதற்கு மாறாக, நூறு ஆடுகளுள் ஒன்று குறைவதை அறிந்த மேய்ப்பனைப் பற்றி இயேசு கூறினார் (லூக்கா 15). எண்ணாதவன் ஒன்று குறைந்ததை அறியான். பேரிடர் விவரங்களும் இவ்விரு வழிகளிலும் பயன்படக்கூடும். காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பை மட்டும் அளக்கும் எண்ணிக்கை ஒரு வகை. காணாமற்போன ஒருவரைத் தேடிச் செல்லத் தூண்டும் எண்ணிக்கை மற்றொரு வகை. திருச்சபை துணைநிற்க வேண்டுவது இரண்டாவதற்கே.

8. போதகர் கடமை

மேற்கூறியவற்றிலிருந்து போதகப் பணிக்குச் சில முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, அடக்கப் பதிவேடு. பேரிடரின் நாளன்று இறந்தோரை அரசு எண்ணும். அதன் பின்வரும் ஆறு மாதங்களில், ஓராண்டில், மருந்தின்றியும் முகாமின் நோயாலும் வாழ்வாதாரம் இழந்த துயராலும் இறப்போரை அடக்கம் செய்பவர் சேகரத்துப் போதகரே. இறந்த நாள், வயது, பேரிடருக்கு முன்னும் பின்னும் வாழ்ந்த இடம், இறப்புக்குக் காரணமாக வீட்டார் கூறுவது ஆகியவற்றை அவர் தெளிவாக எழுதி வைப்பாராயின், ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுக்கு அது அரிய சான்றாகும். போர்ட்டோ ரிக்கோவில் உண்மையை வெளிக்கொணர்ந்தது இத்தகைய ஒப்பீடே.

இரண்டாவது, சிறு நிகழ்ச்சிகளின் பதிவு. 1994-இல் லத்தீன் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற டெஸ்இன்வென்டார் என்னும் முறை, செய்தித்தாள்களிலும் உள்ளூர்ப் பதிவுகளிலும் காணும் சிறு இடர்களையும் தொகுக்கின்றது. தமிழ்நாட்டுக்கும் அம்முறையில் ஒரு தொகுப்பு உண்டு. பத்துப்பேர் என்னும் வரம்புக்குள் வராத இறப்புகள் ஆண்டுதோறும் கூடிப் பெருந்தொகையாகின்றன. நம் சபைகளின் பழைய குறிப்பேடுகளில் வெள்ளம், பஞ்சம், கொள்ளைநோய் பற்றிய செய்திகள் புதைந்து கிடக்குமாயின், அவற்றைத் தேடிப் படியெடுப்பது இறையியல் மாணவர்க்கு ஏற்ற பணி.

மூன்றாவது, சபையின் எல்லைக்கு அப்பால் நோக்குதல். பதிவேட்டில் பெயரில்லாதோரே முதலில் மறக்கப்படுவர். ஆய்த்தா குழந்தைகளைப்போல் ஓரத்தில் வாழ்வோர், குடிபெயர்ந்து வந்த கூலித் தொழிலாளர், அடையாளச் சான்று இல்லாதோர் ஆகியோருள் இறந்தவர் யாரென வினவி அறிந்து, உரிய அலுவலருக்குத் தெரிவிப்பது பிறரன்பின் கடமையாகும்.

நான்காவது, அருளுரை. பேரிடருக்குப் பின்வரும் ஞாயிறன்று காரணம் கூற விரைதல் வேண்டா. யோபின் நண்பர்கள் செய்தவற்றுள் பழிக்கப்படாதது, அவர்கள் பேசாது உடனிருந்த அந்த ஏழு நாள்களே. அந்த ஞாயிறு வழிபாட்டில் இறந்தோரின் பெயர்களைக் கூறி மன்றாடுவோம். இருப்போருக்குத் தேவையானவற்றைக் கேட்டறிவோம். அடுத்து வரக்கூடிய இடர் யாது என்பதையும் விழிப்போடு எண்ணுவோம். ஏனெனில் இரண்டாம் தாக்குதல் எப்போதும் முதலாவதின் காயத்தின்மேலேயே விழுகின்றது.

உலகளாவிய தொகுப்புகளை அமைப்போர் தொலைவிலுள்ள பல்கலைக்கழகங்களில் பணியாற்றுகின்றனர். அவர்கள் வரையும் நிலப்படங்களில் இடர்களின் பரப்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் நம் சேகரங்களும் அமைந்துள்ளன. அங்கே யார் வாழ்ந்தனர், யார் மாண்டனர் என்பதை உள்ளபடி எழுதித் தரும் பொறுப்பு, ஊர்தோறும் வாழ்ந்து மக்களைப் பெயர்சொல்லி அறிந்திருக்கும் போதகர்களுக்கு உரியது. 1756-இல் போர்ச்சுகலின் ஊர்க் குருமார் இப்பணியைச் செய்தனர். நாமும் நம் காலத்தில் இதனைச் செவ்வனே செய்வோமாக.